ஒரு மனிதனின் வேலை போனதற்கு வெடி கொளுத்தலாமா?

2024 ஒக்டோபர் 28, திங்கட்கிழமை. தன் முகாமையாளர் எரிக் டென் ஹாகை நீக்கிவிட்டதாக மன்செஸ்டர் யுனைட்டெட் உதைபந்தாட்டக் கழகம் அறிவித்த கொஞ்ச நேரத்தில், திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் சீன வெடிச் சத்தம் கேட்டது. அதைப் பற்றித்தான் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி இரண்டு. எங்கோ இங்கிலாந்தில் ஒருவருக்கு வேலை போனதற்கு இங்கே இருப்பவர்கள் ஏன் வெடி கொளுத்த வேண்டும்? முகாமையாளரை மாற்றினால் அணி திருந்தும் என்பதாவது உண்மையா?

பதிலுக்கு முன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த வெடியை வாங்கியவனும் நான், கொளுத்தச் சொன்னவனும் நான். தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. பிள்ளைகளுக்கென்று வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்திருந்ததில் ஒரு கட்டை எடுத்து மச்சானின் மகனிடம் கொடுத்தேன். மாரி தொடங்கிய நேரம், திரியெல்லாம் ஈரம். பாதிதான் வெடித்தது.

முதல் நாள் இரவைச் சொன்னால் கொஞ்சம் விளங்கும். ஞாயிறு இரவு ஏழரைக்கு வெஸ்ட் ஹாமுடன் ஆட்டம். முதல் பாதியில் யுனைட்டெட் விட்ட வாய்ப்புகளுக்குக் கணக்கில்லை. டலோ கோல் காப்பாளரையும் தாண்டிப் போய், ஆளில்லாத கோலுக்கு மேலால் அடித்தார். பிறகு 74ஆவது நிமிடத்தில் வெஸ்ட் ஹாமின் சமர்வில் கோல் போட, எங்கள் கசெமீரோ தலையால் முட்டிச் சமன் செய்தார். இனித் தோற்க மாட்டோம் என்று நினைத்த நேரம் இங்கே மழை இறுகியது. டிஷ்ஷுக்குச் சிக்னல் போய், திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றுவிட்டது. மச்சான் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். வீடியோ நடுவர் தலையிட்டுப் பெனால்டி கொடுத்ததும், கூடுதல் நேரத்தில் போவன் அதை அடித்ததும் எங்களுக்கு ஒரு வரிச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தன. 2-1. ஒன்பது ஆட்டத்தில் 11 புள்ளி, 14ஆம் இடம். யாரும் எதுவும் கதைக்கவில்லை. மச்சான் எழும்பிப் போய் டிவியின் பிளக்கைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனிமேல்தான் முதல் கேள்விக்கான பதில்.

தூரத்து ரசிகனுக்குக் கையில் எதுவும் இல்லை. டிக்கெட் இல்லை, கழகத்தில் வாக்கு இல்லை. மைதானத்தில் நின்று கூச்சல் போட்டு ஒரு கோர்னரையாவது வாங்கிக் கொடுக்க முடியாது. எந்த வீரரை வாங்க வேண்டும் என்று நாங்கள் கத்தினாலும் கழகம் வேறொருவரைத்தான் வாங்கும். முதலாளி மாற வேண்டும் என்று 20 வருடமாகக் கேட்டும் கிளேசர் குடும்பம் அசையவில்லை. 2024இல் ஜிம் ராட்கிளிஃப் கால்வாசிக்குக் கொஞ்சம் கூடுதலான பங்கை வாங்கியதோடு சரி. நாங்கள் கேட்பதில் எப்போதாவது, உண்மையாகவே, சொன்னபடி நடப்பது ஒன்றே ஒன்று: முகாமையாளரை நீக்குவது. கோவிலில் பத்து நேர்த்தி வைத்து ஒன்று பலித்தவனுக்கு அந்த ஒன்றுதான் கொண்டாட்டம். டென் ஹாக் மீது யாருக்கும் தனிப்பட்ட கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நாங்கள் கத்தியது எங்கேயோ கேட்டிருக்கிறது என்ற நினைப்பில்தான் அந்த வெடி வெடித்தது. உண்மையில் கேட்கவில்லை என்பது வேறு கதை.

தூரம் என்று நான் சொல்வதைச் சும்மா தத்துவமாக எடுக்க வேண்டாம். 2014 மார்ச் 29இல் நடந்ததைப் பாருங்கள். அப்போதைய யுனைட்டெட் முகாமையாளர் டேவிட் மோய்ஸ் தடுமாறிக்கொண்டிருந்த காலம். அஸ்டன் விலாவுடனான ஆட்டத்தின்போது, மோய்ஸ் வெளியேற வேண்டும் என்று எழுதிய பதாகையை இழுத்துக்கொண்டு ஒரு சிறிய விமானம் ஓல்ட் டிராஃபோர்டுக்கு மேலால் பறந்தது. காசு சேர்த்து அதை வாடகைக்கு எடுத்தவர்களும் யுனைட்டெட் ரசிகர்கள்தான். ஆனால் கீழே கதிரையில் இருந்தவர்கள் விமானத்தைப் பார்த்துக் கூவினார்கள். மோய்ஸுக்குக் கைதட்டினார்கள். அவரை அன்றாடம் கோட்டுக்கு அருகே கண்ணால் பார்ப்பவர்கள் அவர்கள். அவர் முகம் வாடுவது அவர்களுக்குத் தெரியும். நாங்கள் பார்ப்பது புள்ளி அட்டவணையை. சில வாரத்தில், ஏப்ரல் 22ஆம் திகதி, மோய்ஸை நீக்கினார்கள். ஆறு வருட ஒப்பந்தத்தில் பத்து மாதம் முடிந்திருந்தது.

எல்லா நீக்கத்துக்கும் வெடி கொளுத்துவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2017 பெப்ரவரியில் லெஸ்டர் கழகம் தன் முகாமையாளர் கிளாடியோ ரனியேரியை அனுப்பியபோது எங்கள் பக்கத்தில் லெஸ்டருக்கு ஒரு ரசிகர்கூடக் கிடையாது. ஆனாலும் அன்று தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் மனம் சரியில்லை. 5000க்கு 1 என்று பந்தயக்காரர்கள் போட்டிருந்த அணியைச் சாம்பியனாக்கிய மனிதர், ஒன்பதே மாதத்தில் வீட்டுக்கு. அடுத்த ஆட்டத்துக்கு முன் லெஸ்டர் ரசிகர்கள் அவருக்கு நன்றி சொல்லி வீதியில் நடந்து போனார்கள். அப்போது யுனைட்டெட் முகாமையாளராக இருந்த மொரீனியோ தன் சட்டையில் ரனியேரியின் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துக்கொண்டு நிருபர்கள் முன் வந்து உட்கார்ந்தார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அந்த ஆட்டத்தில் லெஸ்டர் லிவர்பூலை 3-1 என்று அடித்தது. தற்காலிகமாக வந்த கிரேக் ஷேக்ஸ்பியர் முதல் ஐந்து லீக் ஆட்டத்தையும் வென்றார். 17ஆம் இடத்தில் கிடந்த அணி 12ஆம் இடத்தில் முடித்தது. கணக்குப் பார்த்தால் கழகம் செய்தது சரி. ஆனால் அன்று நடந்ததைச் சரி என்று சொல்கிற ரசிகரை இன்றுவரை நான் சந்திக்கவில்லை.

செல்சியில் இன்னொரு விதம். 2015 மே மாதம் லீக் பட்டம் வென்ற அதே மொரீனியோவை டிசம்பர் 17ஆம் திகதி நீக்கினார்கள். அணி 16ஆம் இடத்தில் இருந்தது. இரண்டு நாள் கழித்து சண்டர்லாந்தை 3-1 என்று வென்றும், ரசிகர்கள் சொந்த வீரர்களைப் பார்த்துத்தான் கூவினார்கள். ஹசார்ட், ஃபப்ரிகாஸ், கொஸ்டா ஆகிய மூவரையும் எலிகள் என்று எழுதிப் பிடித்தார்கள். மொரீனியோவின் பெயரைப் பாடிக்கொண்டே இருந்தார்கள். அதாவது, குற்றம் யாருடையது என்று ரசிகன் தனக்குள் முன்பே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருப்பான். நீக்கம் அந்தத் தீர்ப்போடு ஒத்துப்போனால் வெடி, ஒத்துப்போகாவிட்டால் பதாகை.

எப்படி அனுப்புகிறார்கள் என்பதும் மனத்தில் நிற்கும். செல்சி முகாமையாளர் கார்லோ அன்செலோட்டிக்கு 2011இல் பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த கையோடு எவர்ட்டன் மைதானத்தின் உள்வழியிலேயே சொல்லிவிட்டார்கள். முந்தைய வருடம் லீக்கும் எஃப்ஏ கிண்ணமுமாக இரட்டைக் கிண்ணம் கொடுத்தவர். யுனைட்டெட்டில் லூயி வான் ஹால் 2016இல் எஃப்ஏ கிண்ணத்தை வென்ற அன்றிரவே வேலை போகும் செய்தி கசிந்துவிட்டது. பாவம், கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு நிருபர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்ட முறையைப் பார்த்து நித்திரை கொண்டவன் நான். ஆனாலும் அந்தப் படம் இன்னும் கண்ணை உறுத்துகிறது.

சரி, மாற்றினால் திருந்துமா?

எங்கள் அனுபவத்தையே எடுங்கள். டென் ஹாக் போனதும் ரூட் வான் நிஸ்டல்ரோய் நான்கு ஆட்டத்துக்குப் பொறுப்பேற்றார். லெஸ்டருடன் 5-2, செல்சியுடன் 1-1, பாவோக்குடன் 2-0, மறுபடி லெஸ்டருடன் 3-0. தோல்வியே இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "இவரையே வைச்சிருங்கோடா" என்று ஒரே சத்தம். கிண்ணியாவிலிருந்து ஒரு நானா மட்டும் கேட்டார்: "நாலும் சொந்த மைதானத்தில. அதில ரெண்டு லெஸ்டர். இதுக்கா இவ்வளவு துள்ளுறீங்க?" அவரைக் குழுவிலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்று ஒருவர் எழுதினார். நீக்குவது எங்களுக்கு அவ்வளவு சுலபமாகப் பழகிப்போயிற்று. நானா சொன்னதுதான் சரி. ரூபன் அமோரிம் வந்தார், பருவம் முடியும்போது யுனைட்டெட் 15ஆம் இடம். பிரிமியர் லீக் தொடங்கிய பிறகு அவ்வளவு கீழே ஒரு பருவத்தையும் முடித்ததில்லை. வான் நிஸ்டல்ரோய் அதே லெஸ்டருக்கு முகாமையாளராகப் போய், அந்தக் கழகம் அந்த வருடமே தரமிறங்கியது.

2018 டிசம்பரிலும் இதே கதைதான். மொரீனியோ போய் சோல்ஷியார் வந்தார், முதல் எட்டு ஆட்டமும் வெற்றி. மார்ச் மாதம் பாரிஸில் 3-1. அது எங்களுக்கு விடியப்புறம் மூன்று மணி தாண்டிய நேரம். ராஷ்ஃபோர்டின் பெனால்டிக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் தொடங்கி, ஒழுங்கை முழுக்க நாய்கள் குரைத்தன. அந்த மாத முடிவில் அவரை நிரந்தரமாக்கினார்கள். அதன்பின் ஏப்ரலில் எவர்ட்டனிடம் 4-0 தோல்வி.

ஏன் இப்படி? பாஸ் டெர் வேல் என்ற டச்சுப் பொருளாதார ஆய்வாளர் 1986 முதல் 2004 வரையான டச்சு லீக்கை எடுத்துப் பார்த்தார். சரிவு வந்து முகாமையாளரை நீக்கிய அணிகளை ஒரு பக்கம் வைத்தார். அதே அளவு சரிவு வந்தும் நீக்காமல் விட்ட அணிகளை மறு பக்கம் வைத்தார். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் மீண்டு வந்திருந்தன. காய்ச்சல் உச்சத்தில் நிற்கும்போதுதான் நாங்கள் பார்வை பார்க்கக் கூட்டிக்கொண்டு போவோம். மறுநாள் காய்ச்சல் தானாக இறங்கும். பெயர் திருநீறு போட்டவருக்கு. கழகமும் அப்படித்தான், அதிர்ஷ்டம் அடிமட்டத்துக்குப் போன வாரத்தில்தான் ஆளை மாற்றும். அதற்குக் கீழே போக இடமில்லை, பந்து கம்பத்தில் பட்டு உள்ளேயும் போகத் தொடங்கும்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் யுனைட்டெட்டின் பழைய முகாமையாளர் பெர்குசனை இழுப்பார். அப்படியென்றால் யாரையும் நீக்காமல் விட்டால் எல்லோரும் பெர்குசன் ஆவார்களா? மாட்டார்கள். 1989 டிசம்பரில், மூன்று வருடமாகச் சாக்குத்தான் சொல்கிறாய், போய் வா என்று அவருக்கே பதாகை பிடித்தார்கள். பொறுத்தார்கள். 1990இல் எஃப்ஏ கிண்ணம் வந்தது. லீக் சாம்பியன் பட்டம் வர 1993 ஆயிற்று. அதையும் சேர்த்து மொத்தம் 13 பட்டம். உண்மைதான். ஆனால் பொறுத்துப் பார்த்தும் உருப்படாத முகாமையாளர்களின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை, அதனால் அந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. டென் ஹாக்கிலேயே பாருங்கள். 2024இல் லீக்கில் 8ஆம் இடம் வந்தும், இறுதியாட்டத்தில் மன்செஸ்டர் சிட்டியை வென்று எஃப்ஏ கிண்ணம் எடுத்ததால் வைத்துக்கொண்டார்கள். ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். கோடைக்கு வீரர் வாங்கப் பெருங்காசு கொடுத்தார்கள். ஒக்டோபரில் அனுப்பினார்கள். அவரையும் உதவியாளர்களையும் அனுப்புவதற்கு மட்டும் ஒரு கோடிப் பவுணுக்கு மேல், அன்றைய மாற்று விகிதத்தில் எங்கள் காசுக்கு 350 கோடி ரூபாய்க்கு மேல். அமோரிமை ஸ்போர்ட்டிங் கழகத்திடமிருந்து பெயர்த்து எடுக்க மறுபடியும் அதே அளவு. மே மாதம் அனுப்பியிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். என்னைக் கேட்டால் அந்த ஐந்து மாதத்தில் பிழை விட்டவர் முகாமையாளர் அல்ல, அவருக்கு மேலே இருந்தவர்கள். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் நீக்கிக்கொள்ள மாட்டார்களே. 25 வீரர்களை ஒரே நாளில் விற்க முடியாது, முதலாளி தன்னைத் தானே விற்க மாட்டார். மிச்சம் நிற்பது ஒருவர்.

இவ்வளவும் தெரிந்தவன் ஏன் வெடியை எடுத்துக் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். தூரம்தான். தூரம் இல்லாமல் ஒருமுறை நானே ஒருவரை நீக்கியிருக்கிறேன், அதையும் சொன்னால்தான் பதில் முழுதாகும்.

பல வருடங்களுக்கு முன் இங்கே ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான் செயலாளர். கழகத்தின் பெயர் வேண்டாம். பயிற்றுநர் ஒரு மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். சம்பளம் கிடையாது, பெற்றோல் காசுகூடக் கிடையாது. சைக்கிளில் வருவார். அந்த வருட லீக்கில் ஐந்தில் நாலு தோல்வி. அதைவிடப் பெரிய குற்றம், நிர்வாகத்தில் இருந்த ஒருவரின் மகனை அவர் இரண்டு ஆட்டத்தில் வெளியே இருத்திவிட்டார். ஒரு ஞாயிறு பின்னேரம் விறாந்தையில் கூட்டம் வைத்தோம். மாஸ்டருக்கு அறிவிக்கவில்லை. ஒன்பது கை உயர்ந்தது, என்னுடையதும் சேர்த்து. கூட்டக் குறிப்பில் நான்தான் எழுதினேன்: "மாஸ்டரின் சேவைக்கு நன்றி கூறி, அவர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார்." இங்கிலாந்துக் கழகங்கள் வெளியிடும் அறிக்கையும் அச்சு அசல் இதே மாதிரித்தான் இருக்கும். நன்றியில்தான் தொடங்குவார்கள்.

மறுநாள் பின்னேரம் ஏகாம்பரம் மைதானத்துக்கு மாஸ்டர் வந்தார். யார் போய்ச் சொன்னதோ தெரியாது, நான் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, கரியரில் கட்டியிருந்த வலைப் பையை அவிழ்த்தார். பந்து ஏழு. ஒவ்வொன்றாக நிலத்தில் வைத்து எண்ணிக் காட்டினார். காற்றடிக்கிற பம். ஒரு தீப்பெட்டிக்குள் ஊசி இரண்டு. "இதில ஒண்டு வளைஞ்சது, மெல்லமாக் குத்தச் சொல்லுங்கோ, பிளாடர் கிழியும்" என்றார். பிறகு ஒரு 80 பக்கக் கொப்பி. எந்தப் பையனுக்கு எந்த முழங்கால் நோ, யார் நோன்பு பிடிக்கிறவன், யாருக்கு வீட்டில் இரவுச் சாப்பாடு இல்லை, யாருடைய சப்பாத்துக் கழகத்துடையது என்று எல்லாம் அதில் இருந்தது. தகப்பன் நிர்வாகத்தில் இருந்த அந்தப் பையனின் பெயருக்கு நேரே "கணுக்கால். இரண்டு கிழமை ஓய்வு. வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டவன்" என்று எழுதியிருந்தது.

கொப்பியில் கையொப்பம் போடச் சொன்னார், பெற்றுக்கொண்டதற்கு. போட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கதைத்தார், நான்தான் பந்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதிய பயிற்றுநரின் கீழ் அடுத்த இரண்டு ஆட்டத்தையும் வென்றோம். நாங்கள் எடுத்த முடிவு சரி என்று கழகத்தில் எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு பருவம் முடியும்வரை ஒன்றும் வெல்லவில்லை.

மாஸ்டர் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார், நாலு வீடு தள்ளி. சந்தையில் காண்கிறோம், கோவிலில் காண்கிறோம். மீன் விலை கதைப்போம். அந்தக் கூட்டத்தைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் எடுத்ததில்லை. மனுசன் லிவர்பூல் ஆள் வேறு.

டென் ஹாக் நீங்கிய அன்று வெடிச் சத்தம் கேட்டுப் படலைக்கு வெளியே வந்து நின்றார். கடதாசித் துண்டுகள் மழைத் தண்ணீரில் ஒட்டிக் கிடந்தன.

"ஆரடா வெடி?"

"யுனைட்டெட் மனேஜரைத் தூக்கிட்டாங்கள் மாஸ்டர்" என்றான் மச்சானின் மகன்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"சாமான் எல்லாம் ஒழுங்காக் கையளிச்சவரோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.